மீதிப் பத்து மார்க் எங்கே?

நம்மைப் போல வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேர் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் வரும். "எங்க வீட்டுல தொண்ணூறு வாங்கினா, மீதிப் பத்து எங்கேன்னு கேப்பாங்க!" சிரிப்போம். "தமிழ் அப்பா அம்மான்னாலே அப்படித்தான்" என்று பேச்சை முடித்துவிடுவோம்.

எனக்கு அந்த முடிவு போதவில்லை. நான் பிறந்தது சிங்கப்பூரில். ஆனால் என் அப்பாவும் அத்தைகளும் பர்மாவில், யாங்கோனின் அலோன் பகுதியில் பிறந்தவர்கள். அங்கே படிப்பைப் பற்றிய பயத்துக்கு ஆண்டுகள் உண்டு. அவற்றை வரிசையாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

1920

அலோனுக்கு மேற்கிலும் தெற்கிலும் ஆறு. கிழக்கே லன்மடோ, டகோன் பகுதிகள். அந்தப் பக்கம் மியோமா சௌங் தெரு இருக்கிறது. பர்மிய மொழியில் 'சௌங்' என்றால் பள்ளிக்கூடம். அந்தப் பெயருக்குக் காரணமான மியோமா பள்ளி ஒரு போராட்டத்தில் பிறந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1920 டிசம்பரில், ரங்கூன் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் சட்டப்படி மாணவர்கள் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். பலர் கூடுதலாக ஓர் ஆண்டு ஆயத்த வகுப்பும் படிக்க வேண்டும். பணமும் ஆங்கிலமும் உள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் இனி உள்ளே போக முடியும் என்று மாணவர்கள் கொதித்தார்கள். ஷ்வேடகோன் பகோடாவில் 11 மாணவர்கள் கூடித் திட்டம் போட்டார்கள். டிசம்பர் 5ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அரசுப் பள்ளி வேண்டாம் என்று 'தேசியப் பள்ளிகள்' தோன்றின. மியோமா அவற்றில் ஒன்று.

மியன்மாரின் தேசிய நாள் இந்தப் போராட்டத்தின் நினைவாகத்தான் கொண்டாடப்படுகிறது. நாட்டுக்கே விடுமுறை. "அன்னைக்காவது டியூஷன் கிடையாதா அத்தை?" என்று கேட்டேன். "பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு ஏதுப்பா லீவு?" என்றார்.

1936

மறுபடி வேலைநிறுத்தம். இம்முறை தேர்வு நெருங்கிய பிப்ரவரி மாதம். மாணவர் தலைவர்கள் நுவும் ஆங் சானும் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டதால் மாணவர்கள் தேர்வைப் புறக்கணித்தார்கள். தேர்வைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. அந்தத் தலைவர்களில் எம். ஏ. ரஷீத் என்ற இந்திய வம்சாவளி இளைஞரும் ஒருவர். பிறகு அனைத்துப் பர்மா மாணவர் சங்கத்தின் முதல் தலைவரானார். சுதந்திர பர்மாவில் அமைச்சரும் ஆனார். அவருடைய பூர்வீகம் எது என்று பார்த்து அந்த மாணவர்கள் அவரை ஒதுக்கவில்லை.

1964

நெ வின்னின் இராணுவ ஆட்சி. மார்ச்சில் ரங்கூன் கடைகள் அரசுடைமை ஆயின. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. பல தலைமுறையாகக் கடை வைத்திருந்த இந்தியக் குடும்பங்கள் வெறுங்கையோடு கப்பல் ஏறின. சென்னையின் பர்மா பஜார் அப்படி வந்தவர்களால் உருவானதுதான். போகாமல் தங்கியவர்களில் என் தாத்தாவும் ஒருவர். "கடையை எடுத்துக்கிட்டான், படிப்பை எடுக்க முடியுமா?" என்பாராம்.

1982

எடுக்க முடிந்தது. அந்த ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மக்களை மூன்று வகையாகப் பிரித்தது. 1823க்கு முன்பே அங்கே குடியிருந்த இனத்தவர் பிறப்பாலேயே முழுக் குடிமக்கள். தமிழர்களில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு, ஆங்கிலேயர் காலத்தில் வந்தவர்கள். மூன்றாம் தலைமுறைக்கு முழுக் குடியுரிமை பெற வழி இருந்தது. அதற்குத் தாத்தா காலத்து ஆவணம் வேண்டும். 1942இல் ஜப்பானியக் குண்டுக்குப் பயந்து ஓடிய குடும்பங்களில் எத்தனை பேரிடம் அது இருக்கும்?

முழுக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளின் கதவு அடைபட்டது. மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம் அதே மியோமா சௌங் தெருவில்தான் இருக்கிறது. அலோன் பிள்ளை அங்கே நடந்தே போய்விடலாம். உள்ளே போக மார்க்கும் வேண்டும், சரியான நிறத்தில் அட்டையும் வேண்டும்.

அந்த மார்க்கும் லேசில் வராது. ஆறு பாடம், 600 மார்க். ஒன்றில் தோற்றால் எல்லாவற்றிலும் தோற்ற கணக்கு. உயர்ந்த மார்க் வாங்கினால் அந்தப் பாடத்தில் 'கோன்டூ'. நம்முடைய 'குணம்' என்ற சொல்தான் பாலி வழியாக அங்கே 'கோன்' ஆகியிருக்கிறது. ஆறு கோன்டூ வாங்கிய பிள்ளையைத் தெருவே கொண்டாடும். பல ஆண்டுகள், மருத்துவத்தில் இடம் பிடிக்க ஆண்களைவிடப் பெண்கள் அதிக மார்க் எடுக்க வேண்டியிருந்தது.

2021 இராணுவப் புரட்சிக்குப் பிறகு இலட்சக்கணக்கான பிள்ளைகள் பள்ளிக்குப் போக மறுத்தார்கள். 1920இல் நடந்தது திரும்பவும் நடந்தது. தேர்வை விட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டதால் என் வீட்டில் மார்க்குப் பேச்சு நின்றுவிடவில்லை. ஆனால் "மீதிப் பத்து எங்கே" என்று அப்பா கேட்கும்போது, ஒரு கதவு சாத்தப்பட்டதைப் பார்த்தவர் கேட்கிறார் என்று இப்போது புரிகிறது. எனக்கு முன்னால் இருக்கும் கதவுகள் வேறு. பாலிடெக்னிக் வழியாகவும் பல்கலைக்கழகம் போகலாம் என்று அவருக்கு விளக்கியபோது நம்பாமல் இரண்டு தடவை கேட்டார்.

நீங்களும் வீட்டில் கேட்டுப் பாருங்கள்: எந்த ஆண்டு, எந்தக் கதவு? யாழ்ப்பாணத்துக் குடும்பமாக இருந்தால் 1970களின் தரப்படுத்தல் என்று பதில் வரலாம். கேட்டுவிட்டு, உங்கள் ஊரில் எத்தனை கதவுகள் திறந்திருக்கின்றன என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். அது அவர்களுக்குத் தெரியாது.