தனுஷ்கோடிக்கு ரயில் யாருக்காக வந்தது?

தனுஷ்கோடி என்றதும் நம்மாட்கள் பேய் நகரம், இடிந்த தேவாலயம், செல்ஃபி என்று ஆரம்பித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

1914-இல் பாம்பன் பாலம் திறந்தது. சென்னையிலிருந்து போட் மெயில் தனுஷ்கோடித் துறைவரை வரும்; அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். அந்த இரண்டையும் நம்பித்தான் சுங்கம், அஞ்சலகம், கடைகண்ணி எல்லாம் வளர்ந்தன. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல், பயணிகளோடு ஒரு ரயிலையே கொண்டுபோனது. உடைந்த பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடித் தண்டவாளத்தை மட்டும் திரும்பப் போடவே இல்லை. கப்பலை ராமேஸ்வரத்துக்கு மாற்றியாயிற்று, வாழத் தகுதியற்ற இடம் என்று அரசும் அறிவித்தாயிற்று. மீனவ சனத்துக்கு எதற்கு ரயில்?

அவர்களோ திரும்பி வந்து குடிசை போட்டார்கள். அரை நூற்றாண்டு மணலில்தான் போக்குவரத்து: நடை, இல்லையென்றால் ஜீப். 2017-இல் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை வந்தது. சங்கு விற்ற அக்காவிடம், "இப்ப வசதிதானேக்கா?" என்றேன்.

"ரோடு உங்களுக்குத்தான் தம்பி. சாயந்தரமானா எல்லாரும் கெளம்பிருவீங்க. நாங்க இங்கனதான் கெடப்போம்."