தாய்லாந்தில் ஓய்வுக்கால வாழ்க்கை: ஓராண்டு நீட்டிப்பைப் புதுப்பிப்பது எப்படி? எங்கே சறுக்குகிறார்கள்?

பாங்காக், பட்டாயா, சியாங் மாய், ஹுவா ஹின் என தாய்லாந்தின் பல ஊர்களில் பணி ஓய்வுக்குப் பிறகு வெளிநாட்டவர்கள் நிரந்தரமாகவே தங்கிவிடுகிறார்கள். வீடு, வங்கிக் கணக்கு, வண்டி எல்லாம் அங்கேதான். ஆனால் அங்கே வாழும் உரிமை மட்டும் ஒரு வருஷத்துக்குத்தான். ஒவ்வொரு ஆண்டும் இமிகிரேஷன் அலுவலகம் போய் அதைப் புதுப்பிக்க வேண்டும். எத்தனை ஆண்டு வாழ்ந்திருந்தாலும் இதில் சலுகை கிடையாது.

விசா வேறு, நீட்டிப்பு வேறா?

ஆமாம். பலருக்கும் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. விசா என்பது நாட்டுக்குள் நுழைவதற்கான அனுமதி. உள்ளே வந்த பிறகு எந்தத் தேதி வரை தங்கலாம் என்பதைப் பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரை சொல்லும். ஆண்டுதோறும் புதுப்பிப்பது விசாவை அல்ல, அந்தத் தேதியைத்தான். அதனால் விசா காலாவதியாகிவிட்டதே என்று பதற வேண்டியதில்லை. முத்திரைத் தேதி தாண்டாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம்.

யார் விண்ணப்பிக்கலாம்?

வயது 50 நிரம்பியிருக்க வேண்டும். குடியேறாதோர் பிரிவில் 'ஓ' அல்லது 'ஓ-ஏ' விசாவில் வந்திருக்க வேண்டும். இந்த அனுமதியை வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்க்க முடியாது.

எவ்வளவு பணம் காட்ட வேண்டும்?

மூன்று வழிகள் உண்டு. தாய்லாந்து வங்கியில் விண்ணப்பதாரர் பெயரில் 8 லட்சம் பாட் இருப்பு வைத்திருக்கலாம். இல்லையென்றால் மாதம் 65,000 பாட் வருமானம் காட்டலாம். இரண்டும் இல்லாதவர்கள் ஆண்டு வருமானத்தையும் வங்கி இருப்பையும் சேர்த்து 8 லட்சம் பாட் கணக்குக் காட்டலாம்.

வருமானத்துக்கு முன்பு தூதரகக் கடிதமே போதும். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா தூதரகங்கள் இப்போது அந்தக் கடிதத்தைத் தருவதில்லை. அந்நாட்டவர்கள் வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் பணம் வந்து சேர்ந்ததை வங்கிக் கணக்கு மூலம் காட்ட வேண்டும்.

8 லட்சத்தை எப்போது எடுக்கலாம்?

2019 முதல் உள்ள விதி இது: விண்ணப்பிக்கும் முன் 2 மாதங்களும், அனுமதி கிடைத்த பின் 3 மாதங்களும் 8 லட்சம் அப்படியே இருக்க வேண்டும். மற்ற மாதங்களிலும் இருப்பு 4 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது.

உதாரணத்துக்கு, ஒருவர் ஆண்டுதோறும் ஜூன் 10-ல் நீட்டிப்பு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 10 முதல் செப்டம்பர் 10 வரை அவர் 8 லட்சத்தில் கை வைக்க முடியாது. மீதி 7 மாதங்களில் 4 லட்சம் வரை எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் அடுத்த ஏப்ரல் 10-க்குள் திரும்பப் போட்டாக வேண்டும்.

வயதானவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். திடீரென மருத்துவச் செலவு வரும். கையில் வேறு பணம் இருக்காது. இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும்போது 12 மாதக் கணக்கு விவரத்தில் அது தெரிந்துவிடும். அவசரச் செலவுக்குத் தனியாகப் பணம் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. 'ஓ-ஏ' விசாவில் வந்தவர்கள் என்றால் மருத்துவக் காப்பீட்டுச் சான்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

டி.எம்.7 படிவம், 4-க்கு 6 செ.மீ. புகைப்படம், பாஸ்போர்ட்டும் அதன் நகல்களும், வங்கிக் கடிதம், பாஸ்புக் நகல், முகவரிச் சான்று. கட்டணம் 1,900 பாட். தேதி முடிவதற்கு முந்தைய 30 நாட்களில் விண்ணப்பிக்கலாம். சில அலுவலகங்கள் 45 நாட்களுக்கு முன்பே வாங்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு அலுவலகமும் கேட்கும் காகிதங்கள் கொஞ்சம் மாறும். அதனால் முன்கூட்டியே ஒருநடை போய் பட்டியலை வாங்கி வருவது நல்லது.

பாஸ்போர்ட்டின் ஆயுளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது 8 மாதத்தில் முடிகிறது என்றால் நீட்டிப்பும் 8 மாதத்துக்குத்தான் கிடைக்கும்.

வெளிநாடு போய்வந்தால் என்ன ஆகும்?

மறுநுழைவு அனுமதி வாங்காமல் தாய்லாந்தை விட்டு வெளியேறினால் நீட்டிப்பு அந்த நிமிஷமே ரத்து. சொந்த ஊரில் ஒரு துக்கம் என்று அவசரமாகக் கிளம்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அப்புறம் விசாவிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஒருமுறை போய்வர 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். நீட்டிப்பு கிடைக்கும் நாளிலேயே இதையும் வாங்கி வைத்துவிட்டால் கவலை இல்லை.

90 நாள் தகவல் எதற்கு?

தொடர்ந்து 90 நாள் தங்கினால் தற்போதைய முகவரியைத் தெரிவிக்க வேண்டும். கெடு தேதிக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை அவகாசம் உண்டு. தவறினால் அபராதம் 2,000 பாட். ஆனால் இது வெறும் தகவல்தான். இதைக் கொடுத்துவிட்டதால் தங்கும் தேதி ஒரு நாள்கூட நீளாது.

தேதி தாண்டிவிட்டால்?

நாளுக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000 பாட். பிரச்சினை அதோடு முடிவதில்லை. 90 நாளுக்கு மேல் தங்கிவிட்டு தானாக வெளியேறினால் 1 ஆண்டு திரும்ப வரத் தடை. ஓராண்டுக்கு மேல் என்றால் 3 ஆண்டு. சோதனையில் பிடிபட்டால் ஓராண்டுக்குள்ளான தாமதத்துக்கே 5 ஆண்டு தடை.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் நாட்டை விட்டு வெளியேற வழக்கமாக 7 நாள்தான் தருவார்கள். பல ஆண்டு குடித்தனத்தைக் காலி செய்ய அது போதாது. அதனால் கடைசி வாரம் வரை காத்திருக்காமல், 30 நாள் அவகாசம் தொடங்கியதுமே போய்விடுவது நல்லது. ஏதாவது ஒரு காகிதம் குறைந்தாலும் மறுபடி வர நாள் மிச்சமிருக்கும்.