புதுமுகம் என்ற பட்டம்

பரிசு கொடுப்பது எளிது. யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பதுதான் கஷ்டம். அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி எழுதும் நிருபர்கள் ஆண்டுதோறும் இந்தக் கஷ்டத்தை வலிய மேற்கொள்கிறார்கள். அவ்வாண்டு பெரிய லீக்கில் புதிதாக அடியெடுத்து வைத்தவர்களுள் சிறந்தவர் யார் என்று வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த விருதுக்கு ‘ஆண்டின் சிறந்த ரூக்கி’ என்று பெயர். ரூக்கி என்றால் புதுமுகம்.

தேசிய அளவில் இவ்விருது முதன்முதல் வழங்கப்பட்டது 1947-இல். அங்கே இரண்டு பெரிய லீக்குகள் உண்டு. அந்த ஆண்டு இரண்டுக்கும் சேர்த்து ஒரே விருதுதான். போட்டியில் நின்றவர்களைப் பார்ப்போம்.

நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் பந்து வீச்சாளர் லாரி ஜான்சன். பேஸ்பாலில் ஓர் அணியின் வெற்றியையும் தோல்வியையும் பந்து வீசியவர் பெயரில் எழுதுவது வழக்கம். ஜான்சன் பெயரில் 21 வெற்றி, 5 தோல்வி. ஒரு பருவத்தில் 20 வெற்றி என்பது பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கே அரிது. அடுத்தவர் நியூயார்க் யாங்கீஸின் ஸ்பெக் ஷே. இவரும் பந்து வீச்சாளர். 14 வெற்றி, 5 தோல்வி. பிலடெல்பியா அத்லெடிக்ஸின் பெரிஸ் பெயின் மட்டையாளர், அவருடைய சராசரி.291.

நான்காமவர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் ஜாக்கி ராபின்சன். சராசரி .297, ரன்கள் 125, ஹோம் ரன் 12. பந்து வீச்சாளர் அசந்த நேரம் பார்த்து அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவதை அந்த ஆட்டத்தில் ‘திருடுவது’ என்றே சொல்வார்கள். ராபின்சன் 29 தளங்களைத் திருடினார். தேசிய லீக்கில் அவ்வாண்டு அதற்கு மேல் திருடியவர் இல்லை.

எண்களை மட்டும் தராசில் வைத்தால், ஜான்சன் பக்கம் தட்டு தாழ்வதாக வாதாட இடமுண்டு. ஆனால் பந்து வீச்சாளர் சில நாட்களுக்கு ஒரு முறைதான் களத்தில் இறங்குகிறார். ராபின்சன் 151 ஆட்டங்கள் ஆடினார். அதுவும் முன்பின் பழக்கமில்லாத முதல் தளத்தில் நின்று. வாக்குகளை எண்ணியபோது ராபின்சனுக்கு 129 புள்ளிகள், ஜான்சனுக்கு 105. தீர்ப்பு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

எண்களில் வராத விஷயம் ஒன்றும் உண்டு. 1884-க்குப் பிறகு பெரிய லீக்குகளில் ஒரு கறுப்பரும் ஆடியதில்லை. எழுதி வைத்த சட்டம் எதுவுமில்லை. எழுதாத சட்டம் இருந்தது. அதை உடைத்துக்கொண்டு 1947 ஏப்ரல் 15-ஆம் தேதி களத்தில் இறங்கினார் ராபின்சன். எதிரணியினர் வாய் கூசாமல் ஏசினார்கள். கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. எதற்கும் பதிலடி கொடுப்பதில்லை என்று அணித் தலைவர் பிராஞ்ச் ரிக்கியிடம் அவர் முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கைக் காத்துக்கொண்டே 125 ரன்கள் எடுத்தார்.

அப்போது அவருக்கு வயது 28. அவர் புதுமுகமா? 1945-இல் கான்சாஸ் சிட்டி மானார்க்ஸ் என்ற அணிக்கு ஆடியவர் அவர். அது கறுப்பர்களுக்கென்று தனியே நடந்த ‘நீக்ரோ லீக்’ அணி. அங்கே ஆடியதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. மற்றவர்கள் புதியவர்கள், அப்போதுதான் வந்தார்கள் என்பதால். இவர் புதியவர், அதுவரை உள்ளே விடவில்லை என்பதால். வார்த்தை ஒன்றுதான்; அதன் பின்னால் இரண்டு சரித்திரங்கள்.

1949 முதல் லீக்குக்கு ஒரு விருது என்று ஆயிற்று. தேசிய லீக்கில் அதை வென்றவர்கள் வருமாறு: 1949 டான் நியூகோம்ப், 1950 சாம் ஜெத்ரோ, 1951 வில்லி மேஸ், 1952 ஜோ பிளாக், 1953 ஜிம் கில்லியம். ஐவரும் கறுப்பர்கள், ஐவரும் நீக்ரோ லீக்கில் ஆடிப் பழகியவர்கள். கதவு திறந்ததும் விருதுகள் வரிசையாக அவர்களிடம் போயின. கதவு மூடியிருந்த ஆண்டுகளில் வெளியே நின்றவர்கள் எத்தகையவர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இவர்களுள் என் மனத்தில் நிற்பவர் சாம் ஜெத்ரோ. 1945 ஏப்ரலில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி அவரையும் ராபின்சனையும் இன்னொருவரையும் அழைத்து ஆடவிட்டுப் பார்த்தது. பிறகு ஒருவரையும் எடுக்கவில்லை. அந்த அணியில் முதல் கறுப்பர் ஆடியது 1959-இல்தான். ஜெத்ரோ ஐந்து ஆண்டுகள் கழித்து அதே பாஸ்டனின் மற்றொரு அணியான பிரேவ்ஸில் சேர்ந்தார். 35 தளங்களைத் திருடினார். சிறந்த புதுமுகம் ஆனார். வயது 33. அந்த வயதில் இந்த விருதைப் பெற்றவர் வேறு எவரும் இல்லை.

முப்பத்து மூன்று வயதில் புதுமுகமானவர் எத்தனை காலம் ஆட முடியும்? முழுதாக மூன்று பருவங்கள். பின்னர் 1954-இல் பிட்ஸ்பர்க் அணிக்கு இரண்டு ஆட்டங்கள். அப்போது ஓய்வூதியத்துக்கு நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன. கிளீவ்லாந்து பக்கைஸ் என்ற நீக்ரோ லீக் அணியில் அவர் ஆடிய ஆண்டுகள் கணக்கில் வரவில்லை. முதுமையில் வழக்குத் தொடுத்தார், கோர்ட் தள்ளிவிட்டது. ஆனாலும் 1997-இல் பெரிய லீக் நிர்வாகம் மனம் இறங்கி, பழைய நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுக்க முன்வந்தது. ஜெத்ரோ 2001-இல் காலமானார்.

2020 டிசம்பரில் அதே நிர்வாகம், 1920 முதல் 1948 வரை நடந்த நீக்ரோ லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று அறிவித்தது. 2024-இல் அந்த ஆட்டங்களின் எண்களையும் தன் ஏட்டில் சேர்த்தது. ஆகவே இன்றைய ஏட்டின்படி, 1950-இல் ஜெத்ரோ புதுமுகமே அல்ல. பல ஆண்டுகள் ஆடிய பழைய முகம். 1947-இன் ராபின்சனும் அப்படித்தான்.

அதற்காக விருதைத் திருப்பி வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. 1987-இல் அந்த விருதுக்கு ராபின்சனின் பெயரையே வைத்துவிட்டார்கள். பட்டியல் அப்படியே இருக்கட்டும். அதில் ஜெத்ரோவின் பெயருக்கு எதிரே அவர் வயதையும் சேர்த்து எழுதினால் போதும். புரிந்துகொள்ளக் கூடியவர்கள் புரிந்துகொள்வார்கள்.