கயிற்றின் மறுமுனை
மன்னார்க் கரையில் உடல்வலிமையும் கூட்டுணர்வும்

உடல்வலிமை தனிமனிதனின் உடைமை என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. மல்லனின் தோளும் ஓட்டக்காரனின் காலும் அவனவனுக்கே உரியன என எண்ணுகின்றோம். ஆயின், இன்று நகரங்களின் உடற்பயிற்சிக் கூடங்களை நாடுவோருட் பலர், தனியே பயில்வதை விடுத்து, குழுவாகச் சேர்ந்து மூச்சிரைக்கக் கடும்பயிற்சி செய்வதையே விரும்புகின்றனர். தனியே தொடங்கியிருந்தால் பாதியிலே கைவிட்டிருப்போம் என்பது அவர்கள் கூறும் காரணம். இவ்வனுபவம் புதியதன்று. பயிற்சி என்ற பெயரின்றி, வயிற்றுப்பாட்டின் பொருட்டு, மன்னார்க் கரையோர மக்கள் இதனை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அங்கு நிலவிய முத்துக்குளிப்பு, கரைவலை ஆகிய இரு தொழில்களையும் துணையாகக் கொண்டு, கூட்டாக வருந்தி உழைக்கையில் மனிதன் பெறும் வலிமை எத்தகையது, அது எப்பொழுது சமூகமாக நிலைபெறுகின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களை அண்டிய கடலின் அடியிற் பரந்து கிடப்பன முத்துச்சிப்பி விளையும் பார்கள். பெரிய பார், செவல் பார் என்பன அவற்றுட் பெயர்பெற்றவை. 1560இல் மன்னாரிற் காலூன்றிய போர்த்துக்கேயரும், பின்வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இப்பார்களை அரசிறைக்குரிய களஞ்சியமாகவே நோக்கினர். ஆங்கிலத் தேசாதிபதி பிரெட்றிக் நோத் அரிப்பிற் கட்டுவித்த மாளிகையின் சிதைவுகள் அதற்குச் சான்றாகக் கடலோரத்தில் எஞ்சியுள்ளன.

முத்துக்குளிப்புப் படகொன்றின் அமைப்பை 1807இல் வெளிவந்த தமது நூலில் ஜேம்ஸ் கோடினர் விவரித்துள்ளார். படகில் இருபதுக்கு மேற்பட்டோர் இருந்தனர். குளிப்போர் பதின்மர், குளிக்கற்கள் ஐந்து. இருவருக்கு ஒரு கல் என்ற கணக்கில், ஐவர் இறங்க ஏனை ஐவர் இளைப்பாறினர். கல்லின் கயிற்றிற் காலைப் பொருத்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குளிப்பவன் அடிநிலத்தை அடைவான். உடனே கல் மேலே இழுக்கப்படும். ஒரு நிமிட அளவுக்குள் அகப்பட்ட சிப்பிகளை வலைப்பையில் இட்டு, கயிற்றை அசைத்துக் குறிப்புணர்த்துவான். மேலே நிற்பவர் அவனை விரைந்து இழுத்தெடுப்பர். இங்கு ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. கீழே இருப்பவனின் நெஞ்சுரம் எவ்வளவு பெரிதாயினும், கயிற்றின் மறுமுனையைப் பற்றியவன் கண்ணயர்ந்தால் அவ்வுரத்தாற் பயனில்லை. ஒருவனுடைய மூச்சின் எல்லையை மற்றொருவனுடைய கை அறிந்திருக்க வேண்டும். அவ்வறிவே அவனது வலிமையின் பாதி எனலாம்.

அச்சத்தை வெல்வதும் அங்கு கூட்டுச் செயலாகவே இருந்தது. சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுபவர் எனக் கருதப்பட்ட கடல்கட்டி இல்லாமற் குளிப்போர் கடலில் இறங்க மறுத்தனர். ஆங்கில அரசும் அவருக்கு ஊதியம் வழங்கியது. அக்காலக் கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர் என 1859இல் எமேர்சன் ரெனன்ற் எழுதியுள்ளார். பரதவரும் முஸ்லிம்களும் அரபியரும் கூடிய களத்தில் ஒருவரது துணிவு எல்லோருக்கும் பொதுவாயிற்று.

எனினும், இக்கூட்டத்தை நாம் புகழ்ந்துரைத்து அமைதல் பொருந்தாது. நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முறை மூழ்கியோரின் மூக்கிலும் காதிலும் இரத்தம் வடிந்ததை 1803இல் றொபேட் பேர்சிவல் பதிவுசெய்துள்ளார். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு இருபத்தைந்து இலட்சம் ரூபா அளவில் வருவாய் கிடைத்தது. கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கும், எஞ்சிய ஒரு பங்கு குளித்தோருக்கும் சென்றன. 1906இல் பார்கள் ஆங்கிலக் கம்பனியொன்றுக்குக் குத்தகையாக விடப்பட்டன. 1907க்குப் பின் விளைச்சல் பொய்த்தது. பல்லாயிரவர் கூடிய மரிச்சுக்கட்டிக் கொட்டில்நகர் மணலாயிற்று. பருவத்துக்கென அரசு கூட்டிய கூட்டம் பருவத்தோடு கலைந்தது.

கரைவலையின் கதை இதனின் வேறானது. வள்ளத்தினால் வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டு, அதன் இரு கயிறுகளையும் கரையில் நிற்கும் இரு அணியினர் இழுப்பர். கால்கள் மணலிற் புதைய, உடல் பின்சாய, மணிக்கணக்கில் இழுக்கவேண்டிய வேலை அது. ஒருவர் அம்பாப் பாட ஏனையோர் ஏற்றுப் பாடுவர். அப்பாடலின் தாளமே எப்பொழுது இழுப்பது, எப்பொழுது மூச்சுவிடுவது என்பதை வரையறுத்தது. இரு அணியும் மெல்ல மெல்ல நெருங்கி, ஈற்றில் மடி கரைசேருமிடத்தில் ஒன்றாகும். மூப்படைந்தவனும் முதன்முறை கயிறு பிடித்த சிறுவனும் ஒரே வரிசையில் நின்றனர். சம்மாட்டியாரின் பங்கு பெரிது. முற்பணக் கடன் பலரைப் பிணித்தது. ஆயினும், இழுத்தவர் ஓரூரவர். நாளையும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவேண்டியவர். பேசாதிருந்த இருவரும் ஒரே கயிற்றைப் பற்றவேண்டியவராயினர்.

இவ்வனுபவத்தை ஆய்வாளரும் விளக்க முயன்றுள்ளனர். 1941இல் படைப்பயிற்சி பெற்ற வரலாற்றாசிரியர் வில்லியம் மக்நீல், அணிநடையில் தாம் உணர்ந்த விரிவுணர்வை அடிப்படையாகக் கொண்டு, தாளத்தோடு சேர்ந்தியங்கும் உடல்களிடையே பிறக்கும் பிணைப்பைப் பற்றி 1995இல் ஒரு நூல் எழுதினார். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகப் படகோட்டிகளை ஆராய்ந்தோர், ஒரே அளவான பயிற்சியாயினும் தனியே செய்தபோதிலும் குழுவாகச் செய்தபோதே வலியைப் பொறுக்கும் ஆற்றல் மிகுதியாக உயர்ந்ததென 2010இற் கண்டறிந்தனர். அம்பாப் பாடியவர்க்கு இது புதுமையாக இருந்திராது.

ஆயின், சேர்ந்தியங்கும் உடல்கள் தாமாகவே நல்ல சமூகத்தை ஆக்கிவிடும் எனக் கொள்வது தவறாகும். அணிவகுப்பு ஆக்கிரமிப்புப் படைகளுக்கும் உரியதே. மன்னாரின் அண்மைய வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 1990 ஒற்றோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி மக்களும் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். ஒரே கடலில் தலைமுறைகளாக உழைத்த பழக்கம் அவர்களைக் காக்கவில்லை. யுத்தம் 2009இல் முடிந்தபின் மீண்டோரும் மீளாதோரும் உளர்.

ஆகவே, கூட்டுழைப்புத் தரும் வலிமை உண்மையானது. ஆனால் அது தொடக்கமே அன்றி முடிவன்று. ஈட்டியது நேர்மையாகப் பங்கிடப்பட்டாலன்றி அது நிலைக்காது. கயிற்றின் அருகே நிற்க எவருக்கும் இடம் மறுக்கப்பட்டால் அது வலிமையே ஆகாது. அண்மைக் காலத்தில் இலங்கைக் கரைகள் பலவற்றிற் கரைவலையை உழவு இயந்திரம் இழுக்கத் தொடங்கியது. முதுகுநோவு குறைந்தது நன்மையே. பயிற்சிக் கூடத்திற் கூடும் இளைஞர் நாடுவது, ஒருவேளை, கரையில் அருகிவரும் அந்தத் தோழமையையே போலும். அதனை நாடுவோர், தம் பக்கத்தில் நிற்பவர் யார் என்பதோடு, நிற்க இயலாமற் போனவர் யார் என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.