குடியுரிமையும் நிலைப்பொறியும்: மாத்தளைத் தோட்ட மக்களின் வரலாறு குறித்த ஒரு நோக்கு

கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்த தென்னிந்தியத் தொழிலாளர்க்கு மாத்தளையே மலைநாட்டின் வாயிலாக அமைந்தது. அவர்தம் வழித்தோன்றல்கள் இரத்தோட்டை, உக்குவளை முதலிய பகுதிகளில் இன்றும் வாழ்கின்றனர். 1948 முதல் 2003 வரை அவர்களது சட்டநிலை அடைந்த மாற்றங்களைக் கணினியியலார் கூறும் நிலைப்பொறி என்னும் கருத்தைத் துணைக்கொண்டு விளக்கலாம்.

வரையறுத்த சில நிலைகளையும், ஒரு நிகழ்ச்சி நேரும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் விதிகளையும் கொண்ட அமைப்பே நிலைப்பொறி. மீலி 1955இலும் மூர் 1956இலும் தத்தம் பெயரால் வழங்கும் வடிவங்களை வெளியிட்டனர். நிரல் எழுதுவோர் ஒவ்வொரு நிலையையும் தனித்தனி வகுப்பாக அமைப்பதுண்டு; 1994இல் காமா முதலிய நால்வர் எழுதிய நூல் இம்முறையைப் பரவச் செய்தது. ‘இந்நிகழ்ச்சி நேரின் அடுத்த நிலை யாது?’ என்ற வினாவுக்கு ஒவ்வொரு வகுப்பும் விடைகூறல் வேண்டும். விடையில்லா வகுப்பிற் புகுந்த பொருள் அங்கேயே தங்கிவிடும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் வம்சாவளியையும் பதிவையும் குடியுரிமைக்கு அடிப்படையாக்கியது. தோட்ட மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவர் என்னும் வகுப்பினுள் தள்ளப்பட்டனர். 1949இல் வாக்குரிமையும் அகன்றது. அவ்வாண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வெளியேற ஒரு வழி வகுத்தது. அவ்வழியைத் திறக்கும் நிகழ்ச்சி விண்ணப்பமாகும். 1946 ஜனவரி 1க்கு முன் மணமானோர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது வதிந்தமையை நிறுவ வேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. மறுக்கப்பட்டோர் தொடங்கிய நிலையிலேயே நின்றனர்.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரின் அடுத்த நிலையைத் தொகையால் வகுத்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். ஒரே லயத்தில் வாழ்ந்த உறவினர் வெவ்வேறு நிலைகளுக்குரியோராயினர். இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்ற பலர் புறப்படுமுன்னரே, போரினால் 1984இல் தலைமன்னார்க் கப்பற்சேவை நின்றது. அவர்கள் ஏட்டில் இந்தியர். வாழ்ந்ததோ இலங்கைத் தோட்டத்தில்.

1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் நாடற்றோர்க்கு வழிதந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமோ, 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை அளித்தது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தோர்க்கு ஒரு பிரகடனமே போதுமாயிற்று.

நிலைகள் பெரிதும் மாறவில்லை. மாற்றத்தைத் தூண்டும் நிகழ்ச்சியே மாறியது. சான்று காட்டும் சுமை தொழிலாளியின் தோளினின்றும் இறங்கியது. வகுப்பொன்றில் விடுபட்ட விதியை நிரல் இயங்குமுன்பே கணினி சுட்டிக்காட்டக்கூடும். சட்டத்தில் விடுபட்ட விதியையோ ஐம்பத்தைந்து ஆண்டுகள் மனிதரே சுமந்து காட்டவேண்டியிருந்தது.