கைத்துப்பாக்கிக் காப்பு

கைத்துப்பாக்கிக் காப்பு என்பது, ஒரு கைத்துப்பாக்கி அதனை வைத்திருப்பவர் விரும்பாத நேரத்தில் வெடிக்காமல் தடுக்கும் பொறியமைப்பு ஆகும். இது பெரும்பாலும் விரல் நுனியளவே உள்ள ஓர் எஃகு நெம்பும், அதனை நிலைநிறுத்தும் சிறு சுருள்வில்லும், ஒரு முளையும் கொண்டது. உருவில் சிறிதாயினும், இது பழுதடைந்தால் மாற்று உறுப்பைப் பெறுவது எளிதன்று. குறிப்பாக இந்தியாவில், துப்பாக்கியின் வயது, அதனைத் தயாரித்த நிறுவனத்தின் இன்றைய நிலை, ஆயுதச் சட்டம் ஆகிய மூன்றும் இதில் குறுக்கிடுகின்றன.

செயல்படும் முறை

கைத்துப்பாக்கியின் விசையை அழுத்தும்போது, சியர் எனப்படும் சிறு கொக்கி விலகிச் சுத்தியலை விடுவிக்கிறது. சுத்தியல் வெடியூசியின் பின்புறத்தில் மோத, ஊசி தோட்டாவின் அடிப்பகுதியைத் தாக்குகிறது. (சுத்தியலுக்குத் தமிழில் "குதிரை" என்ற பழைய பெயரும் உண்டு.) இந்தத் தொடரில் ஏதேனும் ஒரு கண்ணியைத் தடுப்பதே காப்பின் வேலை. எந்தக் கண்ணியைத் தடுக்கிறது என்பதைப் பொறுத்துக் காப்புகள் வேறுபடுகின்றன.

அமெரிக்கப் படைகள் 1911 ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட எம்1911 கைத்துப்பாக்கியில், கட்டைவிரலால் இயக்கும் காப்பு சியரை நகரவிடாமல் பிடிப்பதுடன், சிலைடு எனப்படும் மேற்பகுதியையும் பூட்டுகிறது. அதே காப்பின் அச்சே கைப்பிடிக் காப்புக்கும் அச்சாக அமைகிறது. எனவே ஒன்றைக் கழற்றினால் மற்றதும் தளர்ந்துவிடும். செருமனியின் வால்தர் நிறுவனம் 1929 இல் வெளியிட்ட பிபி வகையில் காப்பு சிலைடின் மேல் உள்ளது. அதனைத் தாழ்த்தினால் வெடியூசி மறைக்கப்பட்டு, நிமிர்த்தி வைத்த சுத்தியலும் பாதுகாப்பாகக் கீழே இறங்கும். 1982 இல் ஆசுத்திரியப் படை ஏற்ற குளொக் 17 இல் கையால் இயக்கும் காப்பு நெம்பே இல்லை. விசையோடு இணைந்த காப்புடன் சேர்த்து மூன்று தானியங்கிக் காப்புகள் உள்ளன. பெரும்பாலான சுழல்துப்பாக்கிகளிலும் இத்தகைய நெம்பு கிடையாது.

பழுதுகளும் அவற்றின் ஆபத்தும்

நெம்பு முற்றிலும் உடைந்து விழுவது கண்ணுக்குத் தெரியும் பழுது. அதனால் அது ஒப்பீட்டளவில் ஆபத்து குறைந்தது. நெம்பு வழக்கம்போல் "டிக்" என்ற ஒலியுடன் மேலும் கீழும் நகர்ந்து, உள்ளே சியரைத் தொடும் முனை மட்டும் தேய்ந்திருப்பதே கூடுதல் ஆபத்தானது. வைத்திருப்பவர் காப்பு இயங்குவதாகவே நம்புவார். நிலைநிறுத்தும் சுருள்வில் தளர்ந்தால், உறையில் உரசும்போதே காப்பு தானாக விலகிவிடக்கூடும். வியர்வை, கடற்காற்று, பல ஆண்டுகளாக இறுகிப்போன பழைய எண்ணெய் ஆகியவை இவற்றை விரைவுபடுத்துகின்றன. தேர்தல் காலங்களில் உரிமம் பெற்ற துப்பாக்கிகள் காவல் நிலையங்களில் ஒப்படைக்கப்பட்டுப் பல வாரங்கள் கழித்துத் திரும்பப் பெறப்படுவது வழக்கம். அவ்வாறு பெறும்போது காப்பையும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

புதிய துப்பாக்கிகளும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவின் சுமித் அண்ட் வெசன் நிறுவனம் 2002 முதல் 2009 வரை தான் தயாரித்த வால்தர் பிபிகே வகைத் துப்பாக்கிகளை 2009 இல் திரும்பப் பெற்றுச் சரிசெய்தது. சுத்தியலை இறக்கும்போது, விசையை அழுத்தாமலேயே அவை வெடிக்கக்கூடும் எனக் கண்டறியப்பட்டதே காரணம். காப்புக்காக உள்ள செயலே வெடிப்புக்கு வழிசெய்யக்கூடும் என்பதால், துப்பாக்கியாளர்கள் இந்த நிகழ்வை இன்றும் எடுத்துக்காட்டுவதுண்டு.

காப்பு பழுதான துப்பாக்கியைத் தோட்டா நிரம்பியதாகவே கருதிக் கையாளவேண்டும். முதலில் தோட்டாக்கூட்டை அகற்றி, பின்னர் குழலின் பின்புற அறையையும் திறந்து பார்க்கவேண்டும். இந்த வரிசை மாறினால், கூட்டிலிருந்து இன்னொரு தோட்டா அறைக்குள் ஏறிவிடும். பன்னாட்டுச் சுடுதல் போட்டிகளில் காப்பு நெம்பை யாரும் நம்புவதில்லை. அறை காலியாக உள்ளதைக் காட்ட, பளிச்சென்ற நிறமுடைய காப்புக்கொடி ஒன்றை அதனுள் செருகவேண்டும் என்பது விதி.

இந்தியாவில் மாற்று உறுப்புகள்

இந்தியாவில் பொதுமக்கள் வைத்திருக்கும் கைத்துப்பாக்கிகளில் பல, பிரித்தானியர் காலத்திலோ அதன்பின் இறக்குமதி தாராளமாக இருந்த காலத்திலோ வந்தவை. 1980களின் நடுப்பகுதியில் வணிக இறக்குமதி நிறுத்தப்பட்டதால், வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு உறுப்புகள் வருவதும் அருகியது. பர்மிங்காமின் வெப்லி அண்ட் இசுகாட் நிறுவனம் 1979 இல் துப்பாக்கித் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. 2020 இல் அப்பெயரில் உத்தரப் பிரதேசத்தில் தயாரிப்பு தொடங்கியபோது முதலில் அறிவிக்கப்பட்டது .32 சுழல்துப்பாக்கியே. பாட்டனாரின் வெப்லி தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கு அதன் உறுப்புகள் பொருந்தா.

உள்நாட்டுத் தயாரிப்புகளின் நிலை சற்று மேலானது. அரசின் ஆயுதத் தொழிற்சாலைகள் .32 அளவில் "அசனி" என்ற கைத்துப்பாக்கியைப் பொதுமக்களுக்கு விற்றுவந்தன. (அசனி என்றால் இடி, தமிழிலும் அச்சொல்லுக்கு அதே பொருள்தான்.) இத்தொழிற்சாலைகள் 2021 அக்டோபர் 1 முதல் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய அரசு நிறுவனத்தின்கீழ் வந்தன. 1966 இல் தொடங்கப்பட்ட திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலையும் அவற்றுள் ஒன்று. அது பெரும்பாலும் படைகளுக்கான ஆயுதங்களையே தயாரிப்பதால், அரியலூர், பெரம்பலூர் பகுதி உரிமதாரருக்கு அருகிலிருந்தும் அது உறுப்புக் கடையாகப் பயன்படாது.

அமெரிக்காவின் நிலை இதற்கு நேர்மாறானது. நியூயார்க் மாநிலத்தின் நியூமரிச் போன்ற நிறுவனங்கள் பழைய துப்பாக்கிகளைப் பிரித்து உறுப்புகளாக விற்கின்றன. எம்1911 வகைக் காப்பு நெம்பைப் பல நிறுவனங்கள் தனித்தனியே தயாரிக்கின்றன. ஆனால் அவற்றை இந்தியாவிலிருந்து வரவழைக்க இங்கே இறக்குமதி உரிமமும் அங்கே ஏற்றுமதி ஒப்புதலும் வேண்டும். ஒரு சுருள்வில்லுக்காக இரு நாட்டு அலுவலகங்களின் கதவைத் தட்டவேண்டியிருப்பது பலரைச் சோர்வடையச் செய்கிறது.

பெயர் ஒன்றாக இருப்பதாலும் உறுப்பு பொருந்திவிடாது. பெல்சியத்தின் எஃப்என் நிறுவனம் 1935 முதல் தயாரித்த பிரவுனிங் ஐ-பவர் வகையை நிறுத்தியதாக 2018 இல் அறிவித்தது. 2022 இல் கிட்டத்தட்ட அதே பெயரில் வெளியிட்டது முற்றிலும் புதிய வடிவமைப்பு. இந்தியப் படைகள் பயன்படுத்தும் 9 மிமீ 1ஏ கைத்துப்பாக்கி பழைய ஐ-பவரின் வழிவந்தது. பொதுமக்களுக்கு 9 மிமீ தடைசெய்யப்பட்ட அளவாகும்.

பொருத்துதல்

வரிசை எண்ணையும் வகைப் பெயரையும் கொண்டு சரியான உறுப்பைப் பெற்றாலும் வேலை முடிவதில்லை. பல காப்பு நெம்புகள் தொடுமுனையில் சற்றுக் கூடுதல் உலோகத்துடனே விற்கப்படுகின்றன. அந்தந்தத் துப்பாக்கியின் சியருக்கு ஏற்ப அதனைச் சிறிது சிறிதாக அரவி எடுக்கவேண்டும். தேவைக்குமேல் ஓர் இழை எடுத்தாலும் அந்த உறுப்பு வீண். நெம்பு நகரும், ஆனால் எதையும் தடுக்காது. எந்த நிறுவனமும் தயாரிக்காத பழைய உறுப்பைத் தேர்ந்த பழுதுபார்ப்பவர் மாதிரியைப் பார்த்துப் புதிதாகச் செய்வதுண்டு. அப்போது வடிவத்துடன் எஃகின் வகையும் கடினப்படுத்தலும் சரியாக அமையவேண்டும். மென்மையான இரும்பில் செய்த நெம்பு சில மாதங்களிலேயே முனை மழுங்கிவிடும்.

சட்ட நிலை

1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் வரையறைப்படி சுடுகலனின் உறுப்புகளும் சுடுகலனில் அடங்கும். பிரிவு 5 இன்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் உரிமம் தேவை. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது. இதனை மீறித் தொழில்செய்வோருக்கு, 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் ஏழாண்டு முதல் ஆயுள் வரை சிறைத்தண்டனை விதிக்கமுடியும். ஊர்ப் பட்டறையில் கடைசல் இயந்திரம் இருக்கிறது என்பதற்காக அங்கே கொடுத்துவிடுவது, கொடுப்பவரையும் செய்பவரையும் சிக்கலில் மாட்டிவிடும்.

உரிமதாரர் முதியவராகவோ நோயாளியாகவோ இருந்தால் சட்டமே ஒரு வழியைத் தருகிறது. பிரிவு 3 இன்படி, உரிமதாரர் உடனிருக்கும்போதோ அவருடைய எழுத்துமூல ஒப்புதலுடனோ, உரிமம் இல்லாத வேறொருவர் பழுதுபார்ப்பதற்காகத் துப்பாக்கியை எடுத்துச்செல்லலாம்.

உரிமதாரர் இறந்தபின் வாரிசுகளின் கையில் கிடைக்கும் துப்பாக்கிக்கு இந்த விலக்கு பொருந்தாது. அதனை முதலில் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்கவேண்டும். வாரிசு தம் பெயரில் உரிமம் பெற்ற பிறகே காப்பைச் சரிசெய்வது பற்றிய பேச்சு எழும். ஒப்படைக்கும்போது காப்பு பழுதடைந்துள்ளதை எழுத்தில் தெரிவித்து ஒப்புகை பெறுவது, அங்கு அதனைக் கையாளும் காவலர்களுக்கும் பாதுகாப்பாகும்.