கூப்பன் அரிசியும் இடதுசாரிகளும்

கூப்பன் அரிசியின் கதையை விட்டுவிட்டு இலங்கை இடதுசாரி இயக்கத்தின் கதையைச் சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலக யுத்தத்திலே பர்மா யப்பானியர் வசமாக, அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. 1942இல் பங்கீட்டு முறை வந்தது. யுத்தம் முடிந்த பின்னரும் பங்கீடு முடியவில்லை. வாங்கிய விலைக்கும் கூப்பன் கடை விலைக்கும் இடையிலான வித்தியாசத்தை அரசாங்கமே ஏற்றது. மானியம் என்று பெயர் பெற்றது இதுவே.

மார்க்சியவாதிகளுக்கு இது சற்றுச் சங்கடமான விஷயந்தான். சோறு மலிவாயிருந்தால் கூலியையும் தாழ்வாக வைத்திருக்கலாம். ஆகவே மானியத்தால் இலாபமடைபவன் முதலாளியே. ஆட்டங்காணும் அமைப்புக்கு அது ஒரு முட்டுக்கொடுப்பு என்று வாதிடலாம். கோட்பாட்டளவில் அது பிழையான வாதமுமன்று. ஆனால் உலையேற்றும் பெண்ணிடம் அது எடுபடுமா?

1952 பொதுத் தேர்தலில் அரிசியைக் கொத்து 25 சதத்துக்கே தருவதாகச் சொல்லி வென்றது ஐக்கிய தேசியக் கட்சி. கொரிய யுத்தத்தால் ஏறிய இறப்பர் விலை அதற்குள் சரிந்துவிட்டது. அரிசி விலையோ ஏறி நின்றது. மானியத்தைக் குறைக்கும்படி உலக வங்கித் தூதுக்குழு ஆலோசனை கூறியது. 1953 யூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன கொத்து அரிசியை 70 சதமாக்கினார். பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நின்றது. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் உயர்ந்தன.

ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால். கடைகள் மூடப்பட்டன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அமைச்சரவையோ துறைமுகத்தில் நின்ற பிரித்தானிய யுத்தக் கப்பலிலே கூடியது! ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். தமிழர் அரசியலும் அன்று இரண்டுபட்டே நின்றது. தமிழரசுக் கட்சி ஹர்த்தாலை ஆதரித்தது; தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் ஹர்த்தால் நாளிலும் அமைச்சராகவே இருந்தார். அரிசி அதன்பின் சலுகையாகக் கருதப்படவில்லை, உரிமையாயிற்று. அதைத் தொட்ட ஆட்சிகள் நடுங்கின.

அந்த மானியத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? திறைசேரி வருமானத்திற் பெரும் பங்கு தேயிலை, இறப்பர், தெங்குப் பொருள்களின் ஏற்றுமதித் தீர்வை. கொழுந்து கிள்ளிய கைகளின் உழைப்பே நாடு முழுவதற்கும் சோறாயிற்று எனலாம். அந்தக் கைகளுக்கு 1953இல் வாக்குரிமை இருக்கவில்லை. 1947இல் மலையகம் இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. நம் இலக்கிய உலகம் நன்கறிந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்களுள் ஒருவர், தலவாக்கலை உறுப்பினர். 1952இல் அவர்களுள் ஒருவருமில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த தேர்தற் சட்டமும் அவர்களது வாக்காளரை அழித்துவிட்டன.

அந்தச் சட்டத்தை இடதுசாரிகள் துணிந்து எதிர்த்தார்கள். அது அவர்களுக்குப் பெருமை. ஆனால் 1964 யூனில் சமசமாஜக் கட்சி ஸ்ரீமாவோ அரசாங்கத்திற் சேர்ந்து, கலாநிதி என். எம். பெரேரா நிதியமைச்சரானார். எட்மண்ட் சமரக்கொடி, பாலா தம்பு முதலியோர் கட்சியை விட்டு வெளியேறினர். அவ்வாண்டு ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு. தேயிலையால் வந்த வருமானம் வேண்டும், தேயிலை பறித்தவர் வேண்டாம் என்ற கணக்கில் அன்று தொழிலாளர் கட்சியொன்றின் கையும் இருந்தது. இதை வெறும் தந்திரோபாயத் தவறு என்று சொல்லிக் கடந்துபோக என்னால் இயலவில்லை.

1970இல் என். எம். மீண்டும் நிதியமைச்சர். 1973இல் உலகச் சந்தையில் தானிய விலை எகிற, கூப்பன் அரிசி வெட்டப்பட்டது. மா, பாண் விலைகள் ஏறின. இருபது ஆண்டுகளுக்கு முன் ஹர்த்தாலை நடத்தியவரின் அமைச்சிலிருந்தே அந்த வெட்டு வந்தது. அந்நியச் செலாவணி இல்லை என்பது உண்மையே. எனினும் 1953இல் ஜே. ஆர். சொன்ன காரணமும் காசில்லை என்பதுதானே? அடுத்த ஆண்டு தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. வயலோ காணியோ இல்லாத லயத்துக் குடும்பங்களுக்குக் கூப்பன் அரிசியை விட்டால் வேறு கதியில்லை.

1977 தேர்தலில் சமசமாஜக் கட்சிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் ஓர் ஆசனங்கூடக் கிட்டவில்லை. ஜே. ஆர். ஆட்சிக்கு வந்தார். 1978இல் பங்கீட்டரிசி குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்றாயிற்று. 1979இல் அதற்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே நிற்க, பண்டங்களின் விலை ஏறிக்கொண்டே போனது. எல்லோரும் ஒரே வரிசையில் நின்று வாங்கிய அரிசிக்கு இப்போது வறுமையை நிரூபிக்க வேண்டியிருந்தது. 1953இல் 45 சத உயர்வு ஒரு பிரதமரை வீழ்த்தியது. இம்முறை ஹர்த்தால் எதுவுமில்லை. 1980 யூலையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கியவர்களுள் ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்து வீடு திரும்பினர்.